புல்லட்டின் அலுமினியப் பக்கப் பேனல்கள் விரிசல் விட்டது ஏன்? ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி 1990-களில் வாங்கிய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350. உரிமையாளர் சத்தியமங்கலம் பக்கத்து மல்லிகை விவசாயி. தாளவாடியில் சொந்தபந்தம் இருப்பதால் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் அடிக்கடி ஏறி இறங்குகிறவர். பக்கங்களில் இருந்த பழைய இரும்புப் பெட்டிகளைக் கழற்றிவிட்டு, சிறிய பேட்டரி ஒன்றை சீட்டுக்கு அடியில் வைத்து, கார்புரேட்டருக்குக் கூம்பு ஏர் ஃபில்டர் மாட்டியிருந்தார். அதனால் காலியான முக்கோண இடத்தை இரண்டு பக்கமும் அலுமினியப் பேனல் செய்து மூடியிருந்தார். வேறு ஊர்ப் பட்டறையில் செய்த பேனல்கள். பளபளவென்று அழகாகவே இருந்தன. ஆனால் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் இரண்டுமே விரிசல் விட்டன.

கோவையில் எங்கள் பட்டறைக்கு வண்டி வந்தபோது அவர் கையில் முடிவும் தயாராக இருந்தது. "ஏனுங்ணா, ஷீட்டு மெலிசாப் போச்சுங்க. மூணு எம்எம்-ல அடிச்சுக் குடுத்துருங்க, ஆயுசுக்கும் நிக்கும்" என்றார். பக்கப் பேனல் உடைந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். தடித்த தகடு என்றால் உறுதி என்ற நம்பிக்கை இயல்பானதுதான். இந்த வண்டியில் அது ஏன் பொருந்தாது என்பதை விளக்கவே இதை விரிவாக எழுதுகிறேன்.

பழைய பேனலில் கண்டது

முதலில் பேனலைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, டை பெனட்ரன்ட் அடித்துப் பார்த்தோம். வார்ப்படப் பட்டறைகளில் விரிசல் தேட அன்றாடம் பயன்படுத்தும் சிவப்புச் சாயமும் வெள்ளைப் பூச்சும்தான் அது. சாயத்தை அடித்துச் சற்று ஊறவிட்டுத் துடைத்து, மேலே வெள்ளையைத் தூவினால், விரிசலுக்குள் புகுந்திருந்த சாயம் சிவப்புக் கோடாக வெளியே கசியும். கண்ணுக்கு ஒரே ஒரு விரிசல் தெரிந்த வலது பேனலில் சிவப்புக் கோடுகள் மூன்று இடங்களில் எழுந்தன.

முதலாவது, முன்பக்க மேல் போல்ட் துளையிலிருந்து கிளம்பி ஓரத்தை நோக்கி ஓடியது. கண்ணுக்குத் தெரிந்தது இதுதான். இரண்டாவது, கீழ்ப்பக்க மடிப்பின் வெளி வளைவில், மடிப்பு நெடுகப் பொடிப்பொடியாக. மூன்றாவது, காற்றுக்காக வெட்டியிருந்த ஒரே நீள்வெட்டின் முனையில். அந்த வெட்டை கிரைண்டர் வீலால் போட்டிருந்தார்கள். முனை கூராக நின்றிருந்தது.

போல்ட் துளைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் நடுவில் எதுவுமின்றி அலுமினியத்தின் மேல் அமர்ந்து, மழை ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிபடும். அரித்த இடம் குழி விழும்; குழியிலிருந்து விரிசல் தொடங்க வசதியாகிவிடும்.

பேனலின் உட்புறத்தில் ஆலை அச்சடித்த எழுத்துகள் பாதி அழிந்தும் படிக்க முடிந்தது: 6061, டி6. வெர்னியரில் தடிமன் 1.6 மி.மீ. இந்த எழுத்து கிடைத்ததும் இரண்டாவது விரிசலுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. 6061-டி6 வலிமையான கலவை, சேஸி பிராக்கெட், பிளேட் வேலைகளுக்கு அருமையானது. ஆனால் குளிர்ந்த நிலையில் கூர்மையாக மடிக்க இடம் கொடுக்காது. இந்தத் தடிமனுக்கு மடிப்பின் உள்வளைவு ஆரம் தகட்டின் தடிமனைப் போல இரண்டு, மூன்று மடங்காவது இருக்க வேண்டும். இங்கே ஏறக்குறைய பூஜ்ய ஆரத்தில் கத்தி மடிப்பாக மடித்திருந்தார்கள். அதுவும் தகட்டின் உருட்டு வரிகளுக்கு (ஆலையில் தகட்டை உருட்டும்போது விழும் நீளவாக்குக் கோடுகள்) இணையாக. மடித்த அன்றே வெளித்தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி சொரசொரத்திருக்கும். பஃப் அடித்ததில் அது மறைந்துபோயிருக்கிறது.

முக்கியக் காரணம்: நான்கு போல்ட்

மடிப்பு விரிசல் பேனலைச் சீக்கிரம் கெடுத்தது. ஆனால் மூலக் காரணம் பொருத்திய விதத்தில் இருந்தது. பேனல் ஒவ்வொன்றையும் நான்கு எம்6 போல்ட்டுகளால் நேராகச் சேஸியில் இறுக்கியிருந்தார்கள். இரண்டு போல்ட் சீட்டுக்குக் கீழே இறங்கும் நடுக்குழாயில், இரண்டு பின்பக்க வளைவுக் குழாயில். ரப்பர் எங்கும் இல்லை.

சேஸி பார்க்கத்தான் அசையாத பொருள். பள்ளத்தில் சக்கரம் விழும்போதும், பின்னால் ஆள் உட்காரும்போதும், வளைவில் சாயும்போதும் நடுக்குழாயும் பின் வளைவும் ஒன்றுக்கொன்று மி.மீ.க்கும் குறைவான அளவில் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த இரண்டையும் ஒரு தகடு இறுக்கிப் பிணைத்துவிட்டால், தகடு அதன் பிறகு மூடி இல்லை. சேஸியின் ஒரு உறுப்பாகவே ஆகிவிடுகிறது. சேஸி தாங்க வேண்டிய முறுக்கில் ஒரு பங்கை அது சுமக்கிறது. அந்த முறுக்கு முழுவதும் போய்ச் சேரும் இடம் போல்ட் துளையின் ஓரம். பர் (துளையின் ஓரத்தில் நிற்கும் பிசிறு) எடுக்காத துளை என்றால் சொல்லவே வேண்டாம்.

இதோடு ஒற்றை சிலிண்டரின் அதிர்வையும் சேருங்கள். புல்லட் 350-இன் துளை விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ.; 346 சிசி முழுக்க ஒரே பிஸ்டன். 3,000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 50 சுற்று, ஒரு மணி நேரத்துக்கு 1,80,000 சுற்று. ஐந்தரை மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் முறை அந்தத் துளையின் ஓரம் இழுபட்டுத் தளர்ந்திருக்கும். சாதாரண இரும்புக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குக் கீழான இழுவையை எத்தனை கோடி முறை கொடுத்தாலும் பொதுவாக அது உடையாது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு கிடையாது. சிறிய இழுவையும் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் கணக்கைத் தீர்க்கும். பழைய இரும்புப் பெட்டிகள் அதே சேஸியில் காலகாலமாக நின்றதற்கும், அலுமினியம் ஒரு மழைக்காலம்கூட நிற்காததற்கும் இந்த வேறுபாடு ஒரு பெரிய காரணம்.

இனி 3 மி.மீ. கேள்வி. சேஸி எவ்வளவு அசைய வேண்டுமோ அவ்வளவு அசைந்தே தீரும். ஒரு பக்க மூடியால் அதை நிறுத்த முடியாது. ஆகவே தகட்டின் மேல் விழுவது குறிப்பிட்ட எடையில்லை, குறிப்பிட்ட அளவு வளைவு. ஒரே அளவு வளைவுக்கு ஆட்படுத்தினால், தகடு தடிக்கத் தடிக்க அதன் வெளித்தோலில் எழும் இழுவையும் அதே விகிதத்தில் கூடும். அதாவது 3 மி.மீ. தகடு அதே இடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுவையை வாங்கும். எடையும் இரண்டு மடங்காவதால் ஒவ்வொரு குலுக்கலிலும் போல்ட்டை அடிக்கும் விசையும் கூடும். தகட்டைத் தடிமனாக்கினால் பேனல் தப்பினாலும் சேஸியில் பற்றவைத்த பிடிப்புக் காதுகள் பிய்யும்.

"வெல்டு வெச்சு ஒட்டிக்கிட்டா ஆகாதுங்ளா?" என்றும் கேட்டார். ஆகாது. 6061-டி6-இன் வலிமை வெப்பப் பதப்படுத்தலால் வந்தது. வெல்டிங் சூடு பட்ட பட்டையில் அதில் கணிசமான பங்கு போய்விடும். விரிசலுக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் வரும்.

வண்டியில் இன்னொரு குறையும் இருந்தது. அதை அவர் பேனலோடு சேர்த்து நினைக்கவில்லை. திம்பம் ஏற்றத்தில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வண்டி மூச்சு முட்டுகிறது, பிளக் கரிப்பிடித்துப் போகிறது. பேனலின் உட்பக்கம் ஃபில்டருக்கு ஒரு விரல் தடிமன் தூரத்தில்தான் நின்றது. காற்றுக்கு அந்த ஒற்றை வெட்டு மட்டும்தான் வழி. காற்று போதாமல் பெட்ரோல் கூடுதலாகப் போனது. புதிய பேனல் இதற்கும் விடை சொல்ல வேண்டியிருந்தது.

புதிய பேனல்: தகடும் அச்சும்

தகட்டுக்கு 5052-எச்32, 1.5 மி.மீ. எடுத்தோம். 6061-டி6-ஐ விட வலிமை குறைவுதான். ஆனால் தடிமன் அளவு ஆரத்துக்கே மடியும், நன்றாக வெல்டிங் வாங்கும், ஈரத்தையும் உப்பையும் தாங்கும். மூடி வேலைக்கு வேண்டிய குணங்கள் இவைதான். கோவையில் இந்தத் தகடு தேடி அலைய வேண்டியதில்லை. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பஞ்சாலைகள் பெருகின. ஆலைக்கு உதிரிபாகம் செய்ய வார்ப்படங்களும் லேத்துகளும் வந்தன. அவற்றைச் சுற்றி உலோகக் கடைகள் வளர்ந்தன. துண்டுத் தகடு வாங்குவதிலிருந்து லேத்தில் முளை கடைவது வரை எல்லாம் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. வாங்கும்போது ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும்: ஆலை எழுத்து உள்ள துண்டாகப் பார்த்து வாங்குவது. எழுத்தில்லாத பழைய துண்டு பாதி விலைக்குக் கிடைக்கும். என்ன கலவை என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

அச்சு எடுக்கும் வேலையைப் பேனல் வேலைக்காரப் பெரியவர் ஒருவர் செய்தார். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் பல காலம் அலுமினியத் தகடு அடித்தவர். வலது பக்கத்துக்கு அட்டை வெட்டி முடித்ததும் வண்டிக்காரர் அதையே திருப்பி இடது பக்கத்துக்கு வைக்கச் சொன்னார். பெரியவர் மறுத்துவிட்டார். "தம்பி, சேஸின்னா ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கும்னு நெனச்சுப்போட்டீங்களா? வெச்சுப் பாருங்க, அப்பறம் சொல்லுங்க." வைத்துப் பார்த்ததில் பின் மூலையில் 6 மி.மீ. வித்தியாசம். கையால் பற்றவைத்த பழைய சேஸிகளில் இது சகஜம். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி அட்டை, அதற்குப் பின் தனித்தனியாக மெல்லிய தகர மாதிரி. அட்டை வளையும் விதம் தகட்டுக்கு வராது என்பதால் தகர மாதிரியை அவர் ஒருபோதும் விடுவதில்லை.

தகர மாதிரியை வண்டியில் கட்டிவிட்டுப் பார்த்தவை சில. ஷாக் அப்சார்பர்களைக் கழற்றி, பின் சக்கரத்தை ஜாக்கியால் அதன் முழு எல்லை வரை தூக்கி இறக்கினோம். நின்ற வண்டியில் தாராளமாகத் தெரியும் இடைவெளி, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலே வரும்போது காணாமல் போகும். இந்த வண்டியில் கிக்கரும் கியரும் வலது பக்கம். செருப்புக் காலோடும் பூட்ஸ் காலோடும் கிக்கர் முழுச் சுற்று வந்தது பேனலைத் தொடாமல். இடது பக்கம் செயினும் பிரேக் பெடலும். சேஸிக் குழாய்க்கும் பேனல் ஓரத்துக்கும் இடையே எல்லா இடத்திலும் 5 மி.மீ. விட்டோம். அழகுக்காக இதைக் குறைக்கச் சொல்லி வண்டிக்காரர் கேட்டார், ஒப்புக்கொள்ளவில்லை. ரப்பரில் அசையும் பேனலுக்கு அசைய இடம் வேண்டும்.

அடித்து வளைத்தல்

தட்டையான தகட்டை இப்படியே மாட்டினால் குறிப்பிட்ட வேகத்தில் அது முரசு மாதிரி அதிரும். நடுவில் லேசான புடைப்பு கொடுத்தால் அதே தடிமனில் விறைப்பு பல மடங்கு கூடும். மணல் மூட்டை மேல் வைத்து, கொட்டாப்புளியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வட்டம் வட்டமாக அடித்து, நடுவில் 8 மி.மீ. உயரம் வரும்வரை எடுத்தார் பெரியவர். அடி விழுந்த தழும்புகளை இங்கிலீஷ் வீலில் (தகட்டை இரண்டு உருளைகளுக்கு நடுவே உருட்டும் கருவி) உருட்டித் தேய்த்தோம்.

முன் மூலையில் வளைவு ஆழமாக இருந்ததால் அங்கே மட்டும் தகட்டை இளக்க வேண்டியிருந்தது. அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து காட்டாது. இந்தக் கலவை 600 டிகிரியைச் சற்றுத் தாண்டியதுமே எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உருகத் தொடங்கிவிடும். அதனால் துணி சோப்பால் ஒரு கோடு போட்டு, பின்பக்கமிருந்து கேஸ் தீயை நகர்த்திக்கொண்டே காட்டினார். கோடு பழுப்பாகி, கறுத்ததும் தீயை எடுத்துவிட வேண்டும். 5052 இளகுவதற்கு வேண்டிய 350 டிகிரிச் சுற்றுவட்டாரம் அதுதான். முழுத் தகட்டையும் இப்படி இளக்கக் கூடாது. எச்32 என்ற எழுத்து குறிக்கும் விறைப்பு மொத்தமும் போய்விடும். அடிக்க அடிக்கக் கொஞ்சம் திரும்பி வரும், முழுதும் வராது.

ஓரங்களை 10 மி.மீ. உட்பக்கம் மடித்தோம். மடிப்புக் கோடு தகட்டின் உருட்டு வரிகளைக் குறுக்காக வெட்டும்படி முன்பே அட்டையைத் திருப்பி வைத்து வெட்டியிருந்தோம். இரண்டு மடிப்புகள் சந்திக்கும் மூலைகளில் மடிப்பதற்கு முன் 5 மி.மீ. துளை. வெட்டிய ஓரங்களை அரத்தால் நீளவாக்கில் மட்டும் ராவினோம், குறுக்கே ஒரு கீறல்கூட நிற்காதபடி. அலுமினியத்தூள் அரத்தின் பல்லில் அடைத்துக்கொள்ளும்; சுண்ணக்கட்டியை முன்கூட்டியே தேய்த்துக்கொண்டால் உதறியதும் விழுந்துவிடும்.

காற்றுக்கு, ஃபில்டருக்கு நேராக ஐந்து லூவர்கள் (தகட்டை வெட்டிப் புடைத்து எடுக்கும் காற்று வாய்கள்). வாய் பின்பக்கம் பார்த்திருப்பதால் மழைச்சாரல் நேராக உள்ளே போகாது. ஒவ்வொரு வெட்டின் இரு முனைகளிலும் முதலில் 4 மி.மீ. துளை போட்டு, பிறகுதான் துளைக்குத் துளை வெட்டினோம். பழைய பேனலின் மூன்றாவது விரிசல் கூர்முனையில்தான் பிறந்தது. உருண்டை முனையில் இழுவை ஓரிடத்தில் குவியாது.

மூன்று புள்ளிகள்

இந்த வேலையில் நான் அதிகம் யோசித்தது இந்தப் பகுதிக்குத்தான். பேனலைப் பிடிக்க மூன்று இடம் போதும். மூன்று புள்ளிகள் எப்படி அமைந்தாலும் ஒரு தளத்தில் அடங்கும்; நான்காவது புள்ளி அந்தத் தளத்தில் துல்லியமாக விழாவிட்டால், போல்ட்டை இறுக்கும்போதே தகடு முறுக்கிக்கொள்ளும். வண்டி ஸ்டார்ட் ஆகும் முன்பே பேனல் இழுவையில் நிற்கும்.

மேலே இரண்டு பின்கள், அதாவது முளைகள். லேத்தில் கடைந்த 8 மி.மீ. அலுமினியப் பின், நுனி உருண்டை, இடையில் ஒரு மெல்லிய பள்ளம். பின்களை நேராகப் பேனலில் பற்றவைக்கவில்லை. உட்பக்கம் உள்ளங்கையளவு 2 மி.மீ. பட்டை ஒன்றைப் பற்றவைத்து அதன் மேல் பின்னை நிறுத்தினோம், இழுவை பரவலாகப் போகட்டும் என்று. ஆர்கான் வெல்டிங், ஏசி கரன்ட், 60 ஆம்பியர் அளவில், 5356 நிரப்புக் கம்பி. அலுமினியத்தின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அடியில் உள்ள உலோகம் அதற்குள் ஒழுகிவிடும். ஏசி கரன்ட்டின் ஒரு பாதி அந்தத் தோலை உரித்துக்கொண்டே போகும். வெல்டிங்குக்கு முன் அசிட்டோனில் துடைத்து, இரும்பு பட்டிராத தனி ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்த்தோம். தொடர்ச்சியாக ஓட்டாமல் புள்ளி புள்ளியாக வைத்து, ஆறவிட்டுத் தொடர்ந்ததால் முகப்பு இழுத்துக்கொள்ளவில்லை.

சேஸி பக்கம், பழைய பெட்டிகளைப் பிடித்திருந்த காதுகளையே பயன்படுத்தினோம். குழாயில் புதிதாக எதையும் பற்றவைக்கவில்லை. காதுகளில் 3 மி.மீ. இரும்புப் பட்டை மாட்டி, அதில் ரப்பர் கிராமெட் (துளையில் மாட்டும் வளையம்). பின்னை அதற்குள் அழுத்தினால் பள்ளம் வரை போய் உட்காரும்.

மூன்றாவது புள்ளி கீழே, ஒரே ஒரு எம்6 போல்ட். ரப்பர் புஷ், அதற்குள் உலோகக் குழல். குழலின் நீளம் ரப்பரின் தடிமனை விட அரை மி.மீ. குறைவு. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் இறுக்கம் குழலில் போய் நின்றுவிடும். ரப்பர் லேசாக அழுந்தி பேனலைப் பிடித்திருக்கும். குழல் இல்லாமல் வெறும் ரப்பர் வாசர் போட்டால், முதல் முறை ஸ்பேனர் பிடிப்பவரே அதை நசுக்கிச் சப்பையாக்கி, பழையபடி இரும்போடு இரும்பாகக் கட்டிவிடுவார். ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் தலைக்கும் அலுமினியத்துக்கும் நடுவே நைலான் வாசர், நைலாக் நட், துளையில் கொஞ்சம் கிரீஸ்.

மாட்டி முடித்ததும் பெரியவர் பேனலைக் கட்டைவிரலால் ஒரு மூலையில் அழுத்தி விட்டார். லேசாக உள்ளே போய்த் திரும்பியது. வண்டிக்காரருக்கு முகம் மாறியது. "ஆடுதுங்களே அண்ணா!" "ஆடோணும் தம்பி. ஆடலீன்னாத்தான் வெடிக்கும்."

ஃபினிஷ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண்ணாடிப் பளபளப்பு மழையில் சீக்கிரம் மங்கும் என்பதால் ஒரே திசையில் எமரி இழுத்து, நிறமில்லா லாக்கர் அடித்தோம். ஒரு பேனலின் எடை கால் கிலோவுக்குச் சற்று மேல்.

சட்டப் பக்கம் ஒன்றைக் கவனித்தோம். மோட்டார் வாகன விதிகள் 123-இன்படி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் துணிக்காப்பு வேண்டும். அவர் மனைவி பின்னால் ஒருபக்கமாகத்தான் உட்காருகிறவர். முந்தைய வேலையில் சேலைக் காப்பைக் கழற்றி வைத்துவிட்டிருந்தார்கள். அதைத் தேடி எடுத்து மீண்டும் மாட்டி, இடது பேனலின் பின் ஓரத்தை அதற்கு இடம் விட்டு வெட்டினோம்.

ஓடிய பிறகு

வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் வண்டி திரும்ப வந்தது. இடையில் தாளவாடிக்குப் பலமுறை போய் வந்திருக்கிறது. பேனல்களைக் கழற்றி, அதே டை பெனட்ரன்ட் சோதனை. துளை, மடிப்பு, லூவர் முனை, வெல்டிங் ஓரம் எதிலும் சிவப்புக் கோடு எழவில்லை. போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடியும் இல்லை. ஏற்றத்தில் மூச்சு முட்டுவது நின்றுவிட்டது; பிளக் வெளிர் பழுப்பில் இருந்தது.

மாறியிருந்தது ஒன்றுதான். வலது பேனலில் பின்பக்க மேல் கிராமெட்டின் துளை சற்று நீள்வட்டமாகியிருந்தது. சேஸியின் அசைவு அதிகம் வருவது அந்த மூலையில்தான் என்பதற்கு அது சாட்சி. தகடு வாங்க வேண்டிய தேய்மானத்தை ரப்பர் வாங்கியிருக்கிறது. அதே அளவில், உதடு தடித்த கிராமெட் ஒன்றைப் போட்டு, இரண்டு உதிரியைச் சீட்டுக்கு அடியில் டேப் சுற்றி வைத்து அனுப்பினோம். ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் பின்னைப் பிடுங்கிப் பார்த்து, துளையில் ஆட்டம் தெரிந்தால் ரப்பரை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம்.